ட்ரையருக்குப் பின்னால் உள்ள குழாய் யாருடைய பொறுப்பு?

உடல்நலப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று எழுதிவரும் நாம் இம்முறை ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தீக்காயமும் புகையால் வரும் மூச்சுத்திணறலும் மருத்துவமனைக்குப் போன பின்னர் பேசுகின்ற விடயங்கள் அல்ல. அவை வீட்டிலேயே தடுக்கப்பட வேண்டியவை. அவற்றுக்குக் காரணமாகக்கூடிய ஒரு பொருள் எமது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதுதான் உடுப்பு உலர்த்தும் இயந்திரம், நாம் எல்லோரும் வாயால் சொல்வதுபோல, ட்ரையர்.

ஊரில் உடுப்புத் தோய்த்தால் முற்றத்துக் கொடியில் போடுவோம். ஒரு மணி நேரத்தில் வெயில் தன் வேலையை முடித்துவிடும். இங்கே ஒன்ராறியோவில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அந்த வெயிலின் வேலையை ட்ரையர்தான் செய்கிறது. தடித்த உடுப்புகள், போர்வைகள், பிள்ளைகளின் குளிர் உடைகள், ஒரே கூரையின் கீழ் தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை எல்லோருடையதும் அதற்குள்தான் போகின்றன. இவ்வளவு வேலை வாங்கும் இயந்திரத்தை எமது வீடுகளில் யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவதும் அதுதான். ட்ரையர் தீ பெரும்பாலும் விதியால் வருவதில்லை. செய்யாமல் விடப்பட்ட ஒரு துப்புரவு வேலையால் வருகிறது. அந்த வேலை செய்யப்படாமல் போவதற்குக் காரணம், அது யாருடைய வேலை என்று வீட்டில் தீர்மானிக்கப்படாமல் இருப்பது.

தும்பு எப்படித் தீயாகிறது?

ட்ரையர் செய்வது மிக எளிய வேலை. காற்றைச் சூடாக்கி, சுழலும் உடுப்புகளுக்கு ஊடாகச் செலுத்தி, ஈரத்தையும் சூட்டையும் பின்புறக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றோடு உடுப்புகளிலிருந்து உதிரும் நுண்ணிய நூல் தும்பும் சேர்ந்து போகிறது. தேயிலை வடியைப் போன்ற ஒரு வடி அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அல்ல. மிச்சத் தும்பு குழாயின் உட்சுவரிலும், வளைவுகளிலும், வெளிச்சுவரில் உள்ள மூடியிலும், இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் மெல்ல மெல்லப் படிகிறது.

வழி அடைபட அடைபடக் காற்றோட்டம் குறைகிறது. காற்றோட்டம் குறைந்தால் சூடு உள்ளேயே தேங்குகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிகள் இயந்திரத்தில் இருப்பது உண்மை. ஆனால் அவை பழுதடையலாம், அல்லது சூடாக்கும் கம்பிக்கு அருகிலேயே தும்பு படிந்திருக்கலாம். காய்ந்த பருத்தித் தும்பு எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பதை விளக்குத் திரி திரித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றிய தீயை இழுத்துச் செல்ல, சுவருக்குள்ளே ஓடும் தும்பு நிறைந்த குழாய் தயாராக இருக்கிறது.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 2,900 ட்ரையர் தீ விபத்துகள், 5 மரணங்கள், 100 பேருக்குக் காயங்கள், 3 கோடியே 50 இலட்சம் டொலர் சொத்து இழப்பு என்று அது கணக்கிட்டது. இவற்றுக்கு முதன்மையான காரணமாக அந்த அறிக்கை சொன்னது துப்புரவு செய்யாமல் விட்டதையே. அதன் பங்கு மட்டும் 34 வீதம். இந்த விபத்துகள் மிக அதிகமாக நிகழும் மாதம் ஜனவரி.

இயந்திரத்தின் குறையாலும் தீ வரலாம் என்பதற்கு எமது உறவுகள் பலர் வாழும் பிரித்தானியா சான்று. 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை தயாரிக்கப்பட்ட ஹொட்பொயின்ட், இன்டெசிட் போன்ற பெயர்களில் விற்கப்பட்ட பல ட்ரையர்களில், தும்பு சூடாக்கும் கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக வேர்ல்பூல் நிறுவனம் 2015 நவம்பரில் அறிவித்தது. திருத்தும்வரை, ஆள் அருகில் இருக்கும்போது பயன்படுத்தலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். 2016 ஓகஸ்டில் மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றில் அத்தகைய ட்ரையரால் தீ மூண்டது. அதை அணைக்க 100க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் தேவைப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை, ஆனால் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 2017 பெப்ரவரியில் ஆலோசனை மாறியது. செருகியைக் கழற்றுங்கள், பயன்படுத்தவே வேண்டாம் என்றார்கள். 2019 ஜூலையில்தான் முழுமையாகத் திரும்பப் பெறும் நடவடிக்கை தொடங்கியது.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. நிறுவனமும் அரசும் முடிவெடுக்க ஆண்டுகள் ஆகலாம். அதுவரை எமது வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே.

எமது வீடுகளுக்கே உரிய மூன்று ஆபத்துகள்

முதலாவது எண்ணெய். முழுக்கு நாளில் நல்லெண்ணெய் துடைத்த துவாய், பலகாரம் சுட்ட அன்று அடுப்படி துடைத்த சீலை, சாமி அறை விளக்கு துடைத்த துணி, நோவுக்கு எண்ணெய் பூசியவர் படுத்த விரிப்பு என்று எமது வீடுகளில் எண்ணெய் படாத துணிக் குவியலே இல்லை எனலாம். ஒரு முறை தோய்த்தால் எண்ணெய் முழுவதும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது தாமாகவே வெப்பத்தை உண்டாக்குகின்றன. தேங்காய் எண்ணெயில் இந்தத் தன்மை மிகக் குறைவு. ட்ரையரின் சூடு இந்த இரசாயன மாற்றத்தை விரைவாக்கும். எண்ணெய்த் துணிகளை உலர்த்திச் சூடு ஆறுமுன் குவித்து வைத்தால், நடுவில் உள்ள வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, இயந்திரம் நின்று சில மணி நேரத்தின் பின்னரும் தானாகத் தீப்பிடிக்கலாம். தீக்குச்சியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தீபாவளிக்கு மறுநாள் தோய்க்கும் துணிகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது இரவு நேரம். நேர அடிப்படையிலான கட்டணத் திட்டத்தில் உள்ள வீடுகளுக்கு வாரநாட்களில் மாலை 7 மணிக்குப் பின்னர்தான் மின்சாரம் மலிவு. 2023 முதல், இரவு 11 மணிக்குப் பின்னர் இன்னும் மலிவான ஒரு திட்டமும் இருக்கிறது. ஆகவே படுக்கப் போகும்போது ட்ரையரைப் போட்டுவிட்டுப் படுப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஒரு முறை உலர்த்துவதில் இதனால் மிச்சப்படுவது சில பத்துச் சதங்கள்தான். வீடு முழுவதும் உறங்கும்போது ஆளில்லாமல் சுழலவிடும் ஆபத்துக்கு அது ஈடாகாது. நேர அடிப்படையிலான திட்டத்தில் சனி, ஞாயிறு நாள் முழுவதும் அதே குறைந்த கட்டணம்தான். சனிக்கிழமை பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது உலர்த்தினால் பணமும் மிச்சம், மனமும் நிம்மதி.

மூன்றாவது பேஸ்மன்ட். எமது கருத்தில் இதுவே மிகப் பெரியது. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன், மிசிசாகா எங்கும் எம்மவர் வீடுகளின் பேஸ்மன்ட்களில் வாடகைக்கு இருப்பவர்கள் யார்? புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்கள், படிக்க வந்த பிள்ளைகள், தனித்து வாழும் முதியவர்கள். ட்ரையர் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பல வீடுகளில் அவர்கள் படுக்கும் அறைக்கும் மேலே ஏறும் படிக்கும் நடுவிலேயே தோய்க்கும் அறை இருக்கிறது. தீ அங்கு மூண்டால் வெளியேறும் வழியையே அது மறித்துவிடும். மேலே உள்ளவர்கள் இயந்திரத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், ஆபத்து கீழே உறங்குபவருக்கு.

யார் செய்வது?

எமது கருத்தைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறோம். வடியைத் துப்புரவு செய்வது ட்ரையரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் வேலை. ஆணோ பெண்ணோ, மேல் வீட்டாரோ கீழ் வீட்டாரோ, போடுவதற்கு முன் வடியை எடுத்துத் தும்பை அகற்றிவிட்டே போட வேண்டும். ஆனால் இயந்திரத்தின் பின்னால் உள்ள குழாய் வீட்டுக்காரரின் வேலை. அதை வாடகைக்கு இருப்பவரின் தலையில் கட்டக்கூடாது.

சட்டமும் இதற்கு அணுக்கமாகவே நிற்கிறது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்படி, வாடகை வீட்டையும் அதோடு கொடுத்த சாதனங்களையும் நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. அன்றாடத் துப்புரவு வாடகைக்கு இருப்பவருடையது. உரிமையாளருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எம்மவரில் அப்படி வாழ்வோர் பலர். அவர்களுடைய பாதுகாப்பு வீட்டுக்காரரின் மனச்சாட்சியில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் புகை அலாரம் பற்றிய விதி எல்லா வீட்டுக்கும் பொதுவானது. ஒவ்வொரு தளத்திலும், படுக்கை அறைகளுக்கு வெளியேயும், இயங்கும் நிலையில் புகை அலாரம் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் அதைப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. சமைக்கும்போது கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றி வைப்பது சட்டவிரோதம்.

"ஊர்ச்சனம்தானே, வாடகையும் குறைத்துத்தானே தந்திருக்கிறோம், இதையும் கேட்பதா?" என்று சில வீட்டுக்காரர் நினைக்கலாம். ஊர்ச்சனம் என்பதால்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பது எமது எண்ணம். வாடகைக்கு இருப்பவர் கேட்கத் தயங்குவார். இந்த நாட்டில் காலூன்ற இடம் தந்தவரிடம் குழாயைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று எண்ணுவார். ஆகவே அவர் கேட்கும்வரை காத்திராமல் செய்துவிடுவதே நல்ல வீட்டுக்காரருக்கு அழகு.

வீட்டுக்குள்ளும் ஒரு சொல். பல வீடுகளில் உடுப்புத் தோய்ப்பது அம்மாவின் அல்லது அம்மம்மாவின் வேலையாகவே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த வயதான தாயிடம் "இந்தப் பொத்தானை அமத்துங்கோ அம்மா" என்று மட்டும் காட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள், வடி எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டுப் போங்கள். வீட்டுச் சூடாக்கியின் வடிகட்டியைத் தவறாமல் மாற்றும் ஆண்கள், ட்ரையரையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். குனிந்து, இயந்திரத்தை இழுத்து, குழாயைக் கழற்றும் வேலையை முதியவரிடம் விட முடியாது.

புகையும் வாயுவும்

வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பலர் தீச்சுவாலையால் அல்ல, புகையால் இறக்கிறார்கள். உறக்கத்தில் இருப்பவரைப் புகையின் மணம் எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம், எழுப்ப வேண்டியது அலாரம்தான். முதியவர்கள், குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் சிறிதளவு புகையிலும் தவித்துப்போவார்கள்.

எரிவாயுவில் இயங்கும் ட்ரையர் என்றால் இன்னோர் ஆபத்தும் உண்டு. குழாய் அடைபட்டால் காபன் மொனொக்சைட் வாயு வீட்டுக்குள் திரும்பலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, வாந்தி உணர்வு, தலைச்சுற்று, களைப்பு என்று வருவதால் குளிர்காலக் காய்ச்சல் என்றே நினைத்துவிடுவோம். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே போனால் தணிந்தால், அது காய்ச்சலாக இராது. உடனே எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள். காபன் மொனொக்சைட் அலாரமும் அவசியம் இருக்க வேண்டும்.

சூடு வீணாகிறதே என்று சிலர் குழாயைக் கழற்றி வீட்டுக்குள்ளேயே காற்றை விடுவதும் உண்டு. அது ஈரத்தையும் தும்பையும் வீட்டுக்குள் நிறைத்துப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். ஆஸ்துமாக்காரருக்கு அதுவே போதும். எரிவாயு ட்ரையரில் அது உயிராபத்து.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு முறையும் உலர்த்துவதற்கு முன் வடியைத் துப்புரவாக்குங்கள். வாசனைத் தாள் பயன்படுத்துவோர் அவ்வப்போது வடியைச் சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் விட்டுக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். வடியில் ஊற்றிய நீர் வடியாமல் தேங்கி நின்றால் அதில் மெழுகுப் படலம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

2. ஆண்டுக்கு ஒரு முறையாவது பின்புறக் குழாயை முழுவதும் துப்புரவாக்குங்கள். முதலில் மின்செருகியைக் கழற்றுங்கள். எரிவாயு ட்ரையரை நீங்களே இழுக்காமல் உரிய அனுமதி பெற்ற தொழில்நுட்பவியலாளரை அழையுங்கள். குடும்பம் பெரிதென்றால் ஆண்டுக்கு இரு முறை செய்வது நன்று.

3. குழாய் எதனால் ஆனது என்று பாருங்கள். பிளாஸ்டிக் அல்லது மெல்லிய தாள் போன்ற சுருங்கும் குழாய் என்றால் மாற்றிவிடுங்கள். 4 அங்குல விட்டமுள்ள, உட்புறம் வழுவழுப்பான உறுதியான உலோகக் குழாயே ஏற்றது. இணைப்புகளில் உள்ளே நீளும் திருகாணி வேண்டாம், தும்பு அதில் சிக்கும். குழாய் குறுகியதாகவும் நேராகவும் இருக்கட்டும். 90 பாகை வளைவு ஒன்றை ஏறத்தாழ 5 அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடையாகக் கணக்கிடுகிறார்கள்.

4. ட்ரையர் ஓடும்போது வெளியே போய்ச் சுவரில் உள்ள மூடி திறக்கிறதா, சூடான காற்று வருகிறதா என்று பாருங்கள். பனி, பறவைக் கூடு, தும்பு எதுவும் அடைக்கக்கூடாது. அதில் கம்பிவலை போட வேண்டாம்.

5. எண்ணெய் பட்ட துணிகளைச் சூட்டு நீரில் ஒன்றுக்கு இரண்டு முறை தோய்த்துக் கொடியில் காயப்போடுங்கள். பெற்றோல், பெயின்ற் கரைப்பான் பட்டவற்றையும், றப்பர் அடி கொண்ட மிதியடிகள், பஞ்சணை போன்றவற்றையும் ட்ரையருக்குள் போட வேண்டாம். சுழற்சியின் கடைசியில் வரும் ஆறவைக்கும் நேரம் முடியுமுன் இயந்திரத்தை நிறுத்த வேண்டாம்.

6. மின்சார ட்ரையர் 240 வோல்ற்றில் இயங்குவது. நீட்டிப்பு வயரில் மாட்டக்கூடாது.

7. பழைய ட்ரையர் வாங்கினால் அதன் மாதிரி எண்ணைக் கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் திரும்பப் பெறும் பொருட்களின் பட்டியலில் பாருங்கள்.

8. கொண்டோவில் இருப்போர், குழாயின் நடுவே சுவரிலோ கூரையிலோ இரண்டாவது தும்புப் பெட்டி இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். பலர் அது இருப்பதையே அறியாமல் வாழ்கிறார்கள்.

ஒரு முறை சுழன்றும் உடுப்புக் காயவில்லை, உடுப்பு கையைச் சுடுகிறது, கருகல் மணம் வருகிறது, அறை வியர்க்கிறது என்றால் இயந்திரம் உங்களோடு பேசுகிறது. நேரத்தைக் கூட்டி இன்னொரு முறை போடாமல், நிறுத்திப் பாருங்கள்.

அப்படியிருந்தும் உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ பெருகும். எல்லோரையும் எழுப்பி, தோய்க்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, வெளியே நின்று 911ஐ அழையுங்கள். பாஸ்போட் எடுக்க, நகை எடுக்க என்று திரும்பிப் போக வேண்டாம்.

நாம் முன்வைக்கும் ஒரு வழக்கம்

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். வெளியே உடுப்புக் கொடி கட்டக்கூடாது என்று இருந்த தடைகளை ஒன்ராறியோ அரசு 2008 ஏப்ரலில் பெரும்பாலான தனி வீடுகளுக்கு நீக்கிவிட்டது. உயர்மாடிக் கட்டடங்களுக்கு அது பொருந்தாது. கோடையிலாவது வீட்டுப் பின்வளவில் ஒரு கொடி கட்டுவதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை.

குளிர்காலத்துக்கு நாம் சொல்வது இதுதான். பண்டிகைக்கு முன் வீடு துப்புரவு செய்வது எமக்குப் பழகிய வழக்கம். அதோடு இதையும் சேர்த்துக்கொள்வோம். தீபாவளிக்கு முன் ட்ரையரின் குழாய், தைப்பொங்கலுக்கு முன் வெளிச்சுவரின் மூடி. நத்தார் கொண்டாடுவோர் நத்தாருக்கு முன் செய்யலாம். செய்து முடித்ததும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் தேதியையும் செய்தவரின் பெயரையும் எழுதி ட்ரையரின் மேல் ஒட்டிவிடுங்கள். பேஸ்மன்டில் இருப்பவரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். வீடு வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள், வாடகை எவ்வளவு, பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்று கேட்பதோடு, "குழாய் கடைசியாக எப்போது துப்புரவாக்கினீர்கள்?" என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் குறையாக எடுக்க வேண்டியதில்லை.

இந்த இதழை மேசையில் வைத்துவிட்டு இன்றே போய் உங்கள் ட்ரையரின் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே தேதி எழுதிய தாள் இல்லையென்றால், வரும் சனிக்கிழமைக்கு யார் செய்வது என்பதை இன்று இரவுச் சாப்பாட்டின்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.